குன்றத்தூரின் பொதுவெளிகள்: ஏரி வாரியம் முதல் நகராட்சித் தீர்மானம் வரை

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றை நோக்கி ஓடும் வழியில் அமைந்த குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் என்ற பெருமையால் பெரிதும் அறியப்படுகிறது. அவர் எழுப்பிய திருநாகேசுவரம் கோயிலும் குன்றின்மேல் உள்ள முருகன் கோயிலும் இன்றும் அந்த ஊரின் அடையாளங்களாக இருக்கின்றன. இவ்வூருக்கு, இலக்கிய வரலாற்றைக் காட்டிலும் குறைவாகவே பேசப்பட்ட இன்னொரு வரலாறும் உண்டு. எந்த நிலத்தில் வீடு எழலாம், எந்த நிலம் எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்குமாக விடப்பட வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதே அந்த வரலாறு. தாம்பரத்தைச் சுற்றியுள்ள தென்புறநகர் ஊர்கள் அனைத்துக்கும் இது பொதுவானது என்றாலும், கிராமமாகவும் பேரூராட்சியாகவும் பின்னர் நகராட்சியாகவும் வளர்ந்த குன்றத்தூரை முன்னிறுத்திப் பார்க்கும்போது, முடிவெடுக்கும் அதிகாரம் ஊரை விட்டு எப்படி விலகிப் போயிற்று என்பது தெளிவாகத் தெரிகிறது.

சோழர் காலத்தில் குன்றத்தூர், தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான புலியூர்க் கோட்டத்தில் அடங்கியிருந்தது. கோட்டம் என்பது பல நாடுகளையும் ஊர்களையும் உள்ளடக்கிய பழைய நிலப்பிரிவு. இந்த மண்டலத்தில் ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டும் நீரைத் தேக்கி வைத்தால்தான் வேளாண்மை நடக்கும். ஆகவே ஏரியும் அதன் நீர்வரத்துக் கால்வாயும் மிகுநீர் வெளியேறும் கலங்கலும் அடங்கிய நிலப்பரப்பை யாரும் தொடாமல் காப்பது, ஊர் பிழைப்பதற்கான முதல் நிபந்தனையாக இருந்தது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிப் பொறுப்புக் குழுக்கள் இருந்தன என்பது, நீர்ப்பரப்பையும் பசுமைப் பரப்பையும் கவனிப்பது ஊராட்சியின் அன்றாடக் கடமையாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது. குடவோலையைப் பற்றிப் பேசும் பாடநூல்கள் தேர்தல் முறையின் புதுமையையே வியந்து நின்றுவிடுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எதைக் காக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதும் அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது.

சோழர் வரிக்கணக்கிலும் இந்தப் பார்வை பதிந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்களின் வருவாயைக் கூறும் கல்வெட்டுகள், ஊரின் மொத்தப் பரப்பை முதலில் சொல்லி, அதிலிருந்து மக்கள் குடியிருக்கும் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்த பின்பே வரிக்குரிய நிலத்தைக் கணக்கிடுகின்றன. கழிக்கப்பட்ட இந்த நிலம் அரசுக்கு வருவாய் தராதது. ஆனால் கணக்கில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. பயன் சொல்லி எழுதப்பட்ட நிலத்துக்கு உரிமை கோருவது கடினம் என்பதை, பின்வந்த நூற்றாண்டுகளின் அனுபவம் மீண்டும் மீண்டும் மெய்ப்பித்தது.

ஆயினும் பழைய ஊரைப் பொதுமையின் பொற்காலமாகக் கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையாக, வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அந்த ஜாகீரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதன்பின் அங்கே பணியாற்றிய அதிகாரிகள் எதிர்கொண்ட பெரும் சிக்கல் மிராசு முறை. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட மிராசுதாரர்கள், உழுநிலத்துக்கு மட்டுமன்றித் தரிசுக்கும் நத்தத்துக்கும் உரிமை கொண்டாடினார்கள். சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் துரை 1818-இல் வெளியான தமது நூலில் இந்த உரிமையின் இயல்பை விரிவாக ஆராய்ந்தார். உரிமையின் மறுபக்கம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் வெளிச்சத்துக்கு வந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பட்டியலின மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த குறிப்பில், தரிசின்மீதும் குடியிருப்பு மனையின்மீதும் மிராசுதாரர்களுக்கு இருந்த பிடி, உழைக்கும் மக்களை எப்படி அடக்கி வைத்தது என்று விளக்கினார். குடியிருக்கும் இடம் தமக்குச் சொந்தமில்லாதபோது, கூலி குறைவென்று கேட்பதற்கே வாய்ப்பில்லை. அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாகவே 1892-இல் அரசாணை பிறந்து, பின்னர் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்ட, அம்மக்களுக்கான நில ஒதுக்கீடு தொடங்கியது. ஊர்ப்பொது என்று சொல்லப்பட்ட வெளி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதை இன்றைய திறந்தவெளிப் பாதுகாப்பு பற்றிப் பேசுவோரும் நினைவில் வைக்க வேண்டும். வெளியைக் காப்பதோடு, அந்த வெளிக்குள் யார் நுழையலாம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டியது.

ரயத்துவாரி முறை, அதாவது அரசு உழவரிடம் நேரடியாக வரி பெறும் முறை, நிலைபெற்றபோது ஊரின் ஒவ்வொரு துண்டும் அளக்கப்பட்டு எண் பெற்றது. தாலுகா அலுவலகத்திலும் கிராமக் கணக்கிலும் இருக்கும் ‘அ’ பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தால் அந்த முறையின் கூர்மை புரியும். புல எண், உட்பிரிவு, வகைப்பாடு, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், குறிப்பு என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். வகைப்பாட்டில் நஞ்சை, புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும். புறம்போக்கு என்றால் அதோடு நிற்பதில்லை. குறிப்புக் கட்டத்தில் ஏரி, ஓடை, மேய்க்கால், களம், வண்டிப்பாட்டை, மந்தைவெளி, சுடுகாடு, தோப்பு என்று அதன் பயனும் சொல்லப்படும். பட்டாதாரர் கட்டம் மட்டும் வெறுமையாகவோ சர்க்கார் என்றோ இருக்கும். புறம்போக்கு என்ற சொல்லைப் பயனற்றது என்ற பொருளில் வசையாகப் பயன்படுத்தும் வழக்கம் இன்று இருக்கிறது. பதிவேட்டிலோ அது மிகத் துல்லியமான பயன்பாட்டு அட்டவணை. இந்த நிலங்களில் அத்துமீறிப் புகுந்தோருக்கு அறிவிப்பு கொடுத்துத் தண்டத்தீர்வை விதித்து வெளியேற்றுவதற்காக 1905-இல் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கிராமங்களில் இன்றும் ‘பி மெமோ’ என்று வழங்கும் தாள் அந்தச் சட்டத்தின் வழி வந்ததே.

பதிவேடு பொதுநிலத்தைக் காத்தது. ஆனால் காத்த பதிவேட்டின் உரிமையாளர் அரசாகிவிட்டது. ஊர் தன் மேய்ச்சல் நிலத்தின் பயனாளியாக இருந்ததே தவிர, முடிவெடுப்பவராக இருக்கவில்லை. இந்த மாற்றம் 19-ஆம் நூற்றாண்டில் சத்தமில்லாமல் நடந்தேறியது.

மேலைநாடுகளில் தொழிற்சாலையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று நெருங்கிச் சீர்கெட்ட நகரங்களைத் திருத்தும் முயற்சியாக நகரமைப்புச் சட்டங்கள் தோன்றின. பிரிட்டன் 1909-இல் தனது முதல் நகரமைப்புச் சட்டத்தை இயற்றியது. நியூயார்க் நகரம் 1916-இல் முழு நகருக்குமான மண்டல விதியை, அதாவது எந்தப் பகுதியில் எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்ற விதியை, ஏற்றது. சென்னைக்கு 1915-இல் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ் தமது நகரமைப்புக் கண்காட்சியுடன் வந்தார். அவரைத் தொடர்ந்து லான்செஸ்டர் அரசின் நகரமைப்பு ஆலோசகராகப் பணியாற்றி 1918-இல் சென்னை நகரமைப்பு குறித்து நூல் எழுதினார். இதன் பயனாக 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றித் தன் எல்லைக்குள் நகரமைப்புத் திட்டத்தைத் தொடங்கலாம், அரசு அதற்கு ஒப்புதல் தரும் என்பது அந்தச் சட்டத்தின் அமைப்பு. முதல் அடியை எடுத்து வைக்கும் உரிமை மன்றத்துக்கு இருந்தது என்பது இங்கே முக்கியமானது. நகராட்சிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தச் சட்டம் வந்தபோது குன்றத்தூர் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவிலான கிராமம். அதன் வெளிகளைக் காக்க ‘அ’ பதிவேடே போதுமானதாக இருந்தது.

விடுதலைக்குப் பின் ஊராட்சிகளுக்கு ஓரளவு உரிமை திரும்பியது. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டித்தடம், தோப்பு ஆகிய புறம்போக்குகள், அரசுக்குக் குறிப்பிட்ட தேவை எதுவும் இல்லாதவரை, ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும் என்று கூறியது. இந்த ‘இல்லாதவரை’ என்ற நிபந்தனையின் வழியே எத்தனையோ மேய்க்கால் நிலங்கள் அரசு அலுவலகங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. நல்ல நோக்கத்துக்காக மாறியவையும் அவற்றில் உண்டு. இடையில் ஏரிகளும் இரண்டாகப் பிரிந்தன: 40 எக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருந்தன. 1980-இல் கிராமக் கணக்கை எழுதிவந்த கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரைப் பதவியை ஒழித்தது நியாயமான சீர்திருத்தம். எனினும் ஒவ்வொரு புல எண்ணின் வரலாற்றையும் நினைவில் வைத்திருந்த தலைமுறையும் அதோடு அலுவலகத்தை விட்டு வெளியேறியது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மக்கள் வழக்கில் சி.எம்.டி.ஏ., 1974-இல் சட்டபூர்வ அமைப்பாயிற்று. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டிருந்த பெருநகரப் பகுதியின் 20 பேரூராட்சிகளுள் குன்றத்தூரும் ஒன்றாக இருந்தது. 1976-இல் முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற 2008 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில்தான் தென்புறநகரின் வயல்கள் மனைகளாயின.

முழுமைத் திட்டத்தில் நிலத்துக்கு வண்ணம் தீட்டப்படுகிறது. முதல்நிலைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, வேளாண்மை, நகர்சாரா நிலம் என்று ஒவ்வொரு புல எண்ணும் ஏதாவதொரு மண்டலத்தில் விழும். வகைப்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளர் குழுமத்திடம் நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபம் நாளிதழ் அறிவிப்பின் மூலம் கேட்கப்படும். ஆனால் முடிவு எடுக்கப்படும் இடம், குழுமத்தின் அலுவலகம் உள்ள எழும்பூர். வேளாண் மண்டலத்தில் உள்ள வயலைக் குடியிருப்பாக மாற்றும்போது அதன் மழைநீர் எந்தத் தெருவில் வந்து நிற்கும் என்பதைத் தம் அனுபவத்தால் சொல்லக்கூடிய மன்ற உறுப்பினர், அந்த முடிவில் வாக்களிப்பவர் அல்லர். 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகரமைப்பையும் நிலப்பயன்பாட்டு ஒழுங்குமுறையையும் பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவற்றையும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளாக 12-ஆவது அட்டவணையில் எழுதிவைத்தது. அவ்வட்டவணையின் முதல் வரியே நகரமைப்புதான். நடைமுறையில், சிறு வீடுகளுக்கான கட்டட அனுமதி உள்ளாட்சிக்கு வந்தது. வரைபடம் குழுமத்திடமே இருந்தது.

அதே சமயம், திறந்தவெளியின் உரிமை மட்டும் உள்ளாட்சியின் கைக்கே வந்துசேர்ந்தது. மனைப்பிரிவு விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடத்தைப் பிரித்தால் திறந்தவெளி விட வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை விட வேண்டும். இயலாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்தலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் நிலமாகவே விட்டு, பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாக ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் நில வணிகத்தில் ஓ.எஸ்.ஆர். இடம் என்றும், மனை வாங்குவோர் பார்க் இடம் என்றும் சொல்கிறார்கள். விதி செயல்படும் விதத்தைச் சிறு கணக்கால் காணலாம். 12,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கர் வயலை ஒருவர் மனையாக்குகிறார். சாலைகளுக்கு நாலில் ஒரு பங்கு போனால் மிச்சம் 9,000 சதுர மீட்டர். அதில் பூங்காவுக்கு 900 சதுர மீட்டர், ஏறக்குறைய நான்கு கிரவுண்டு. அதே வயலை இரண்டாகப் பாகம் பிரித்து, 6,000 சதுர மீட்டராக இரண்டு விண்ணப்பங்கள் கொடுத்தால், இரண்டுமே பணம் கட்டும் வரம்புக்குள் வந்துவிடும். நான்கு கிரவுண்டு பூங்கா கருவூலத்தில் தொகையாகிவிடும். அந்தத் தொகையைக் கொண்டு அதே தெருவில் அதே அளவு நிலத்தை மீண்டும் வாங்க எந்த உள்ளாட்சியாலும் இயலாது, ஏனெனில் அங்கே விற்பதற்கு நிலமே மிச்சமிருக்காது. பணமாகப் பெறும் வாய்ப்பை விதியில் வைத்தது பெரும் பிழை என்றே கருத வேண்டியிருக்கிறது.

நிலமாகக் கொடுக்கப்பட்ட இடங்களின் கதையும் முழு நிம்மதி தருவதன்று. தானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது; வரைபடம் குழுமத்திலிருந்து உள்ளாட்சிக்கு வந்து இறுதி அனுமதி பெறுகிறது; ஆனால் பட்டா மாறுவது வருவாய்த்துறையில். மூன்று அலுவலகங்களில் மூன்றாவது படி நடக்காமல் நின்றுவிட்டால், பதிவேட்டில் அந்த இடம் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். வாரிசுகளுக்கோ அவர்களிடம் வாங்குவோருக்கோ அது மனையாகவே தோன்றும். வேலி இல்லாத, பெயர்ப்பலகை இல்லாத, பட்டா மாறாத பூங்கா இடம், சில ஆண்டுகளில் கார் நிறுத்தமாகவும் பின்னர் கொட்டகையாகவும் உருமாறுவதைப் புறநகரில் யாரும் காணலாம். பழைய ‘அ’ பதிவேடு மேய்க்காலுக்கும் களத்துக்கும் அளித்த அந்த ஒற்றைவரிப் பாதுகாப்பு, புதிய பூங்காக்களுக்குப் பல நேரங்களில் கிடைக்கவில்லை.

நீதிமன்றங்கள் இதில் உறுதியான நிலை எடுத்திருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற தீர்ப்பை நிலைநிறுத்தியது. திறந்தவெளி குடிமக்களின் நலனுக்குரியது, அதைக் காக்கக் கோரி வழக்கிடும் தகுதி அங்கே வாழ்வோருக்கு உண்டு என்று ஏற்றது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டு, பொதுப்பணித்துறை ஏரிகளின் எல்லையை அளந்து குறிக்க வழி செய்யப்பட்டது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை நீர் திறக்கப்பட்டது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரியின் உபரிநீர், சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை வழியே அடையாற்றில் கலக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாவட்ட நிர்வாகம் வெள்ள எச்சரிக்கை விடுக்கும் ஊர்களின் பட்டியல் இதுவே. வெள்ளத்துக்கான காரணங்களில் ஏரியை இயக்கிய முறை பற்றிய விவாதமே பொதுவெளியில் மேலோங்கியது. ஆற்றின் இருகரையிலும் நீர் விரிந்து பரவுவதற்கிருந்த தாழ்நிலம், முப்பது ஆண்டுகளாக மனைமனையாக மேடாக்கப்பட்டது பற்றிய விவாதம் அந்த அளவுக்கு நடைபெறவில்லை. திறந்தவெளி என்பது மாலையில் குழந்தைகள் விளையாடும் இடம் மட்டுமன்று, நீர் வந்து தங்கும் இடமும் ஆகும் என்பதை உத்திரமேரூரின் ஏரி வாரியத்தார்க்கு யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு, 2016 செப்டம்பர் 9-இல், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடையால் நில வணிகம் திடீரென்று நின்றபோதுதான், வயல்கள் எவ்வளவு தூரம் எந்த அனுமதியும் இல்லாமல் கூறு போடப்பட்டிருந்தன என்பது வெளிப்பட்டது. சேமிப்பையெல்லாம் கொட்டி அத்தகைய மனையை வாங்கியிருந்த எளிய குடும்பங்களைக் கைவிடவும் முடியாது. ஆகவே 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகள் கட்டணம் செலுத்தி ஒழுங்குபெறலாம் என்றும், விடப்படாத திறந்தவெளிக்கு ஈடாகக் கட்டணம் பெறலாம் என்றும் ஏற்பாடாயிற்று. கருணையின் பெயரால் எடுக்கப்பட்ட அந்த முடிவை முற்றாகக் குறை சொல்ல இயலாது. ஆனால் அத்தகைய மனைப்பிரிவுகளின் தெருக்களில் பூங்கா என்ற இடமே இனி வராது.

இந்த வரன்முறைப்படுத்தல் நடந்த காலத்தில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் மன்றமே இல்லை என்பது கசப்பான உண்மை. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை; 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு நடைபெறும்வரை தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். வரன்முறைப்படுத்தும் கோப்புகள் நகர்ந்த அந்த ஐந்தாண்டுகளில், எந்த இடத்தைப் பூங்காவாகக் கேட்பது என்று தீர்மானம் போட ஊருக்கு வாயில்லாமல் போயிற்று. இதனிடையே 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாகி, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை முதலான பேரூராட்சிகளும் அதில் கரைந்தன. குன்றத்தூர் தனித்து நின்று அதே ஆண்டில் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022-இல் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க அரசு ஆணையிட்டது. எழும்பூருக்கும் ஒரு வார்டுக்கும் இடையிலான தொலைவு இன்னும் நீண்டிருக்கிறது.

மண்டல வரைபடத்தை மாற்றும் அதிகாரம் குன்றத்தூர் நகராட்சி மன்றத்துக்கு இன்று இல்லை. ஆனால் ஏற்கெனவே தானமாகப் பெற்ற ஒவ்வொரு ஓ.எஸ்.ஆர். இடமும் சட்டப்படி அந்நகராட்சியின் சொத்து. அவற்றைக் காக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மனைப்பிரிவு அனுமதி எண், தானப் பத்திர எண், புல எண், பரப்பு ஆகியவற்றுடன் வார்டு வாரியாகப் பட்டியல் தயாரித்து, அதை மன்றத் தீர்மானமாக நிறைவேற்றி, வட்டாட்சியருக்கு அனுப்பி, ‘அ’ பதிவேட்டில் உட்பிரிவு செய்து நகராட்சிப் பூங்கா என்று எழுதச் செய்வது ஒரே ஆண்டில் முடியக்கூடிய வேலை. அந்தப் பட்டியலை நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். குன்றத்தூரில் மனை வாங்கிய ஒவ்வொருவரும் தம் வரைபடத்தில் பச்சையாகக் குறிக்கப்பட்ட இடம் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.